மறுபடியும் ஓர் ஆபரேஷனா?

சென்ற வாரத் தபாலில் ஆறு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் முத்து முத்தாக இருந்த கையெழுத்து, நாலாவது பக்கத்தில் சாயத் தொடங்கி, கடைசிப் பக்கத்தில் வெறும் கிறுக்கலாக முடிந்திருந்தது. காரணத்தை அவரே எழுதியிருந்தார்: "மணி இரண்டரை. படுத்தால் தொண்டை வரை எரிகிறது. உட்கார்ந்தபடியே இருக்கிறேன். சும்மா இருப்பதற்கு உங்களுக்காவது எழுதலாமே என்று தோன்றியது."

பெயரும் ஊரும் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை. வயது முப்பத்தெட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. நாலு வருஷத்துக்கு முன் இவர் எடை 114 கிலோ. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, மாடி ஏறினால் மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்துகொண்டதால் 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷனைச் செய்துகொண்டார். எடை 76-க்கு இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா இவரிடமே, "அம்மா இருக்காளா?" என்று கேட்டாராம்! ஒரு வருஷம் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம் நெஞ்செரிச்சல் வந்தது. மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. தலையணை இரண்டு நாலாயிற்று. இப்போது டாக்டர், "ஸ்லீவை பைபாஸாக மாற்றிவிடலாம்" என்கிறார்.

வீட்டிலே என்ன பேச்சு நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? "ஒரு தடவை வயிற்றை அறுத்தது போதாதா?" என்பது மாமியார். "வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு எத்தனை ஆபரேஷன் செய்து என்ன?" என்பது நாத்தனார். கணவர் ஒன்றுமே சொல்லவில்லையாம். பாங்க் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வைத்துவிட்டாராம். "அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை" என்று எழுதுகிறார். குழந்தை மட்டும் கேட்டிருக்கிறது: "அம்மா, போன தடவை மாதிரியே திரும்பி வந்துடுவே, இல்லே?"

சகோதரி, முதலில் உங்கள் நாத்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது வாழைக்காய் பருமனில் ஒரு குழாய். அகலமான பாத்திரத்தில் பால் பொங்கினால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கழுத்து ஒடுங்கிய கூஜாவில் பொங்கினால் நேரே அடுப்பில்தான் வழியும். அதே கதைதான் இங்கேயும். குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அமிலமோ தொடர்ந்து சுரக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இயற்கை வைத்திருந்த தடுப்பும் சிலருக்கு ஆபரேஷனில் தளர்ந்துபோகிறது. பிறகு அமிலம் மேலே ஏறாமல் என்ன செய்யும்? ரசம் சாதம் தவிர வேறொன்றும் தொடாதவருக்கும் ஏறும்.

பின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் பத்து வருஷ முடிவுகள் 2022-ல் வெளிவந்தன. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது, ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 7 பேருக்குத்தான். அந்த 31 பேரும் வாயைக் கட்டத் தெரியாதவர்களா என்று உங்கள் நாத்தனாரையே கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்லீவ் என்பது ஆதியில் தனி ஆபரேஷனே இல்லை! குடலையும் மாற்றித் தைக்கும் ஒரு பெரிய ஆபரேஷனின் முதல் பாதி அது. 2000-ஆம் வருஷத்தை ஒட்டி நியூயார்க்கில் மிஷேல் காக்னர் என்ற ஸர்ஜனும் அவருடைய சகாக்களும், மிகவும் கனத்த நோயாளிகளுக்கு முழு ஆபரேஷனையும் ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று கண்டு, முதலில் இரைப்பையைச் சுருக்கி அனுப்பினார்கள். எடை குறைந்த பிறகு வா, மீதியைச் செய்யலாம் என்பது ஏற்பாடு. பலருக்கு முதல் பாதியிலேயே எடை நன்றாக இறங்கிவிட்டது. 'இதுவே போதுமே!' என்று ஸ்லீவ் தனி ஆபரேஷனாக நிலைத்தது அப்படித்தான். ஆக, இரண்டாவது தடவை மேஜை மேல் படுப்பது அதன் ஜாதகத்திலேயே இருந்திருக்கிறது.

ஸ்லீவ் மட்டுமல்ல, இந்த வைத்தியத்தின் சரித்திரமே மாற்றி மாற்றிச் செய்த சரித்திரம்தான். 1950-களில் அமெரிக்காவில் குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுத் தைத்தார்கள். எடை குறைந்தது. ஆனால் ஈரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் வந்தது. பலருக்குத் திரும்பவும் வயிற்றைத் திறந்து பழையபடி சேர்க்க வேண்டியதாயிற்று. 1966-ல் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேஸன் என்ற ஸர்ஜன், அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்த பெண்கள் ஒல்லியாகவே இருந்துவிடுவதைக் கவனித்து, பைபாஸ் முறையைத் தொடங்கினார். அப்புறம் இரைப்பையின் கழுத்தில் பட்டை கட்டும் முறை வந்தது. கொஞ்ச காலம் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. பிறகு, கட்டிய பட்டைகளைக் கழற்றுவதே ஸர்ஜன்களுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது! உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள், சகோதரி.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். மாற்றிக்கொள்ளலாமா?

எனக்குத் தெரிந்த ஸர்ஜன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "எதற்காக மாற்றுகிறார்களாம்? நெஞ்செரிச்சலுக்கா, எடைக்கா?"

"இரண்டுக்கும் ஒரே ஆபரேஷன்தானே, டாக்டர்?"

"ஆபரேஷன் ஒன்றுதான் அம்மா, பலன் ஒன்றல்ல. நெஞ்செரிச்சலுக்காக மாற்றினால் நான் தைரியமாகச் சொல்வேன். இறங்கின எடை மறுபடி ஏறிவிட்டது, அதற்காக மாற்றுங்கள் என்று வந்தால் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். முதல் தடவை இறங்கின மாதிரி இரண்டாம் தடவை இறங்காது."

இந்த வித்தியாசத்தை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். எடைக்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள், 2025-ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்ட வாராந்திர ஊசிகளைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. உங்கள் விஷயம் வேறு. உங்களுக்கு எடை 80-ஐத் தாண்டவில்லை, தூக்கம்தான் போயிருக்கிறது. அமிலம் பல வருஷம் ஏறிக்கொண்டே இருந்தால் உணவுக்குழாயின் உள்தோல் மாறுகிறது. அபூர்வமாக அது புற்றுநோயில் கொண்டுவிடுவதும் உண்டு. ஆகையால் 'தலையணையை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறேனே' என்று எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம்.

பைபாஸில் நெஞ்செரிச்சல் ஏன் அடங்குகிறது? மேலே ஓர் அவுன்ஸ் பிடிக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, மீதியைத் துண்டித்துவிடுகிறார்கள். அமிலம் பெரும்பாலும் சுரப்பது அந்த மீதியில்தான். பிறகு குடலைக் கவட்டைக் கொம்பு மாதிரி அமைக்கிறார்கள். ஒரு கிளை வழியாகச் சாப்பாடு இறங்கும். மற்றொன்றில் பித்தநீர் வரும். இரண்டும் கீழே போய்ச் சேரும். சாப்பாடு இறங்கும் கிளை சாதாரணமாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளம். கீழே இருக்கிற பித்தம் அத்தனை தூரம் ஏறித் தொண்டைக்கு வருவது சிரமம். இந்தக் கவட்டைத் தையலுக்கு, ஸ்விட்சர்லாந்தின் ஸேஸார் ரூ என்ற ஸர்ஜனின் பெயரை வைத்து 'ரூ' முறை என்று பெயர்.

பெயரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் 'மினி பைபாஸ்' என்று ஒன்றும் நிறையச் செய்கிறார்கள். அதில் ஒரே இணைப்புத்தான், நேரமும் குறைவு. பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் அதில் பித்தம் பைக்குள் ஏற வழி உண்டு. நெஞ்செரிச்சலுக்காகவே மாற்றுகிறவர்களுக்குப் பொதுவாக ரூ முறையைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். 'பைபாஸ்' என்று டாக்டர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்த பைபாஸ் என்று கேட்டீர்களா?

இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். எண்டாஸ்கோப்பி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்தார்களா? குழாய் எங்கேயாவது முறுக்கிக்கொண்டோ இறுகியோ இருக்கிறதா, இரைப்பை மார்புப் பக்கம் நழுவியிருக்கிறதா என்பது அதில் தெரியும். இருபத்துநாலு மணி நேரம் அமிலத்தை அளக்கும் பரிசோதனையும் உண்டு. அதற்கெல்லாம் முன்னால், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கிற வழக்கம் நம் வீடுகளில் சகஜம். அதை ஏழரைக்கு மாற்றிப் பார்த்தீர்களா? அதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் தாங்களே போட்டுக்கொண்டு சாப்பிட்டால் போதும்.

அபாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு முறை தைத்த இடத்தில் மறுமுறை தைப்பது முதல் தடவையைவிடச் சிரமமான வேலை. உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்; தையல் கசிவதும் முதல் தடவையைவிடச் சற்று அதிகம். ஆகவே, "இந்த மாற்று ஆபரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று ஸர்ஜனைக் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல ஸர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். எரிச்சல் முழுக்கவே நீங்கிவிடும் என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்பதையும் அந்த டாக்டர் சொல்லச் சொன்னார்.

இனிமேல்தான் நம் வீடுகளில் கவனம் தவறுகிற பகுதி வருகிறது. பைபாஸுக்குப் பிறகு இரும்புச் சத்து, கால்சியம், பி12, டி வைட்டமின் எல்லாம் ஆயுள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ உள்ளே போயாக வேண்டும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. நம் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12-ம் குறைவு. எடை குறைந்து எல்லாம் சௌகரியமாக இருக்கிறதே என்று மூன்றாம் வருஷம் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் தலைமுடி உதிர்ந்து, கைகால் மரத்து, டாக்டரிடம் திரும்பி வருகிறார்கள்.

முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் அடியோடு கூடாது. புதுத் தையலில் புண் வந்துவிடும். வீட்டில் யாராவது, "என் மாத்திரை ஒன்று போட்டுக்கோயேன்" என்று அன்போடு நீட்டினாலும் கூடாது. கல்யாண வீட்டுப் பாயசம் ஒரு கிண்ணம் குடித்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வைத்துவிடும். எப்போதாவது, ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் ஆன பிறகும்கூட, சாப்பிட்டதும் வயிறு சுருட்டிச் சுருட்டிப் பிடுங்கினால் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். குடல் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே ஸர்ஜனிடம் போங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எடைக்கான ஆபரேஷனை எந்த நிலையில் இன்ஷூரன்ஸ் ஏற்கலாம் என்பதற்கு 2019-லேயே விதி வகுத்திருக்கிறார்கள். உங்களுடையது நெஞ்செரிச்சலுக்காகச் செய்வது. எண்டாஸ்கோப்பி ரிப்போர்ட்டும் இருக்கிறது. அந்தக் காரணத்தை டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கி, கம்பெனிக்கு முன்கூட்டியே அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பாஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாரே, அவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பேசாமல் இருப்பவர்களுக்கு ஏதாவது காரியம் கொடுத்தால் பல சமயம் வாய் திறந்துவிடுகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். 'போதாதா?' என்ற கேள்வியை அவர் டாக்டரிடமே கேட்கட்டும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்ற பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குழந்தைக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வயதுக்கு ஒளித்து வைத்தால்தான் பயம் அதிகம். எந்தத் தேதி போகிறோம், எத்தனை நாள் இருப்போம், யார் தலை பின்னிவிடுவார்கள், போன் எத்தனை மணிக்கு வரும் என்பதையெல்லாம் காலண்டரில் அவளையே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது பக்கத்தின் மூலையில், அடித்து, மறுபடி எழுதி, ஒரு கேள்வி இருந்தது: "வெட்கமாக இருக்கிறது. பைபாஸுக்குப் பிறகு காப்பி குடிக்கலாமா?"

முதல் சில வாரங்கள் வேண்டாம். பிறகு டாக்டர் சரி என்றதும் சின்ன டம்ளரில், சர்க்கரை இல்லாமல், மெதுவாகக் குடிக்கலாம். இரும்பு மாத்திரை போடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மாத்திரை வேலை செய்யாது.