திரையில் காணாமற்போன நேயர்

கதாநாயகி ஒலிவாங்கியின் முன் அமர்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் வணக்கம் சொன்னதும் ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறது. அடுத்த காட்சியில் பாடல் தொடங்கிவிடுகிறது. திரைப்படங்களில் வானொலி நிலையம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். பிரதி எழுதுபவரும் ஒலிப்பதிவாளரும் திரையில் தோன்றாததைப் பெரிய குறையென்று சொல்ல மாட்டேன். திரைப்படம் பாடநூல் அன்று. ஆனால், யாருக்காக வானொலி இயங்குகிறதோ அந்த நேயரே காணாமற்போவதுதான் என் வருத்தம்.

மணிரத்னத்தின் 'தில் சே' (1998) தமிழில் 'உயிரே' என்று வந்தது. நாயகன் அகில இந்திய வானொலி ஊழியன். விடுதலையின் 50ஆம் ஆண்டையொட்டி வடகிழக்கு மக்களின் கருத்தைத் திரட்டுகிறான். ஒலிவாங்கியை நீட்டியதும் அவர்கள் மனக்குறைகளைக் கொட்டுகிறார்கள். வானொலியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அருமையான சான்று அது. ஆனால் அதே படத்தில் அவன் தன் காதல் சந்திப்பையே கதையாக ஒலிபரப்புகிறான், அவளும் கேட்கிறாள். ஒரு நாட்டின் வானொலி ஒருத்திக்கு எழுதிய காதல் கடிதமாகிவிடுகிறது. மற்ற நேயர்கள் எங்கே போனார்கள்?

'லகே ரஹோ முன்னாபாய்' (2006) படத்திலும் நாயகன் முகம் தெரியாத அறிவிப்பாளரின் குரலில் மயங்கித்தான் நிலையத்துக்குள் நுழைகிறான். ஆயினும் இப்படம் ஒருபடி மேல். அங்கே தொலைபேசியில் அழைப்பவர்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. ஓய்வூதியத்துக்குக் கையூட்டு கேட்கப்பட்ட முதியவரின் துயரம் நம் நினைவில் நிற்கிறது.

"திரைப்படம் பொழுதுபோக்குத்தானே? நட்சத்திரத்தைச் சுற்றித்தானே கதை நகரும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். 'குட்மார்னிங் வியட்நாம்' (1987) அதற்கு நல்ல பதில். 1965ஆம் ஆண்டுச் சைகோனில் அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலியில் பேசிய ஏட்ரியன் குரோனாவரின் பெயரில் எடுக்கப்பட்ட படம் அது. படத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி தம் வாழ்வில் நடக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எனினும் ஒரு காட்சி வானொலியின் உயிரைப் பிடித்துவிடுகிறது. தணிக்கையால் மனம் வெறுத்து ஒலிபரப்பை விட்டு விலகியிருக்கும் அவர், போர்முனைக்குச் செல்லும் வீரர்களை நெரிசலில் நிற்கும் வாகனங்களில் காண்கிறார். ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுக் கேலி பேசிச் சிரிக்க வைக்கிறார். வாகனங்கள் நகர்கின்றன. அவர்களில் எத்தனை பேர் திரும்புவார்களோ! நேயரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் மீண்டும் ஒலிவாங்கியை நாடுகிறார். நட்சத்திரமும் இருக்கிறார், நேயரும் இருக்கிறார்.

தமிழில் 'காற்றின் மொழி' (2018) இதற்கு அருகில் வருகிறது. இந்தியில் வந்த 'தும்ஹாரி சுலு'வின் (2017) மறுஆக்கம் இது. ஜோதிகா ஏற்ற இல்லத்தரசி, இரவு நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் ஆகிறார். தவறான எண்ணத்தோடு அழைப்பவரையும் அவர் இழிவுபடுத்துவதில்லை. அந்தப் பேச்சின் பின்னே இருக்கும் தனிமையைக் கண்டுகொள்கிறார். நல்ல அறிவிப்பாளர் முதலில் நல்ல செவி உடையவர் என்பதை இப்படம் உணர்ந்திருக்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவில் தமிழும் ஒலித்தது. 1959இல் அது மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனியாகப் பிரிந்தது. மின்னல் எஃப்.எம்., ஒலி 96.8 ஆகியவை அந்த மரபில் வந்தவை. வீட்டில் தமிழ் நாளிதழ் வாங்காதவரும், தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாதவரும் நல்ல தமிழைக் காதால் கேட்க வானொலியே வழியாக இருந்தது. பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் தன் பெயர் ஒலிக்கும்போது, தோட்டத்துப் பிள்ளைக்கும் அடுக்குமாடி வீட்டுப் பாட்டிக்கும் தாமும் இந்நாட்டில் ஒருவர் என்ற நிறைவு பிறந்தது.

இன்று நம்மில் சிலர் அறிவிப்பாளராக விரும்புகிறோம். ஆனால் பயிற்சிக்கு முன்மாதிரியாகக் கொள்வதோ திரைப்பட அறிவிப்பாளரைத்தான். அதே வேகம், அதே ஆங்கிலக் கலப்பு, அதே சிரிப்பு. ழகரமும் ளகரமும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. கேட்பவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், அவருக்கு என்ன தேவை என்ற கேள்வி எழுவதே இல்லை. எதிரில் நேயர் இல்லாத திரையைப் பார்த்துக் கற்றதன் விளைவே இது என்பது என் கருத்து.

நம்மிடையே குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வானொலியைப் படமாக்கும்போது ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து தொடங்காதீர்கள். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் ஓர் அம்மாவின் சமையலறையில், அலமாரியின்மேல் ஒலித்துக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அறிவிப்பாளராக விரும்பும் நண்பர்களும் அந்த அம்மாவை மனத்தில் வைத்துப் பேசிப் பழகட்டும்.