நேர்காணலுக்கு உதவும் நன்னூல்

இலக்கணம் பயின்றவனுக்கு வணிக உலகில் என்ன பணி என வினவுவோர் உளர். மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் நேர்காணலில் தொடுக்கும் வினாவை அவர்கள் நோக்குதல் நலம். "ஒரு நிறுவனத்தின் இலாபம் குறைந்துவிட்டது, ஏன்?" என்பது அவ்வினாவின் பொது வடிவம். அங்கு விடையைவிட அதனை அடையும் வழிக்கே மதிப்பு மிகுதி. சிக்கலை எவ்வாறு கூறுபடுத்தினான், ஒரு கூறு மற்றொன்றினுள் புகுந்ததா, ஏதேனும் விடுபட்டதா என்றே ஆராய்வர்.

1963இல் மெக்கின்சி நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்டோ அம்மையார் இம்முறையைச் செப்பமுற வகுத்தளித்தார். அவர்தம் பெருமை குறையாது. ஆயினும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே பவணந்தி முனிவர், குன்றக் கூறலையும் கூறியது கூறலையும் நூற்குற்றம் பத்தனுள் வைத்தார். இன்றைய நேர்காணலர் தேடும் குற்றங்களும் இவையே. திணை, பால் எனப் பகுத்துப் பழகிய நம் மாணவன், ஆங்கிலம் சரளமாக வாராமை ஒன்றால் அறை வாயிலிலேயே அஞ்சி நிற்பது வருந்தத்தக்கது.

நம் பகுதிச் சிக்கல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2010-11இல் சென்னைத் துறைமுகம் 6 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டது. இரண்டே ஆண்டுகளில் அது 5 கோடியே 40 இலட்சம் டன்னுக்கும் கீழிறங்கியது. காரணங்களைத் துறைமுகத்தின் உள்ளே, வெளியே என முதலில் பிரிக்கலாம். உள்ளே கப்பல் தளம், கிரேன், பணியாளர், கட்டணம். வெளியே சரக்கு அனுப்புவோர், வழி, போட்டி என மூன்று. கர்நாடக அரசு 2010இல் இரும்புத்தாது ஏற்றுமதியைத் தடுத்தது. அது முதலதனுள் அடங்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நின்றமை வழியைச் சாரும். 2001இல் எண்ணூரில் திறக்கப்பெற்ற துறைமுகம் போட்டியாகும்.

இவ்வளவும் எழுதியவன் தேறிவிடுவான் போலும்! ஆயினும் ஒரு பெருங்காரணத்துக்கு இதில் இடமே இல்லை. நிலக்கரித் தூசு இராயபுரத்து வீடுகளில் படிந்தது, மக்கள் முறையிட்டனர், நிலக்கரியையும் இரும்புத்தாதையும் அங்குக் கையாள்வதை நிறுத்துமாறு 2011இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நிலக்கரி எண்ணூருக்குப் பெயர்ந்தது. அருகில் வாழ்வோரின் மூச்சுக்கு ஒரு கிளை வரையாத பகுப்பு, எத்துணை அழகாயினும், குன்றக் கூறலே. அத்தூசை வீட்டுத் திண்ணையில் துடைத்தறிந்த மாணவனுக்கு அக்கிளை தானே தோன்றும். இராயபுரத்தை நீங்கிய சுமை எண்ணூர் மக்கள்மீது இறங்கியதா என்றும் அவன் வினவுவான். பெருநகர்ப் பயிற்சி மையத்தில் கட்டணம் செலுத்திக் கற்றவன் இதனைக் காணாது போகலாம்.

எனவே தமிழ் மன்றம் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் தமிழிலேயே, ஒரே தாளில், பகுத்தெழுதட்டும். ஆங்கிலம் பின்னர் வரட்டும். வணிகவியல் துறையினர் ஒருவர் உடனிருந்து கணக்கைத் திருத்தலாம். கொருக்குப்பேட்டை இரயில்வே கேட்டில் காத்து நின்று பழகியவர் நம்மிடையே பலர். சரக்கு வண்டி கடக்கும்வரை நிற்பதால் ஒரு சிறு வணிகர்க்கு நேரும் இழப்பு யாது என்பதையே முதல் வினாவாக வைக்கலாம்.