மின்சார வண்டி வாங்கலாம். முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்



விருத்தாசலம் கடைவீதியில் இன்று நான்கு வியாபாரிகள் கூடினால் மின்சார வண்டிப் பேச்சு வந்துவிடுகிறது. ஆசைப்படுகிறவர்களும் உண்டு, அஞ்சுகிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் நாம், இதிலும் அளந்து பார்க்க வேண்டாமா?

இது வெறும் வண்டிப் பிரச்சினை அல்ல. வாடிக்கையாளரைக் காப்பாற்றும் பிரச்சினை. 2025க்குள் இந்தியாவில் 10,000 மின் வண்டிகளை விநியோகத்தில் இறக்குவோம் என்று அமேசான் 2020இல் அறிவித்தது. 2030க்குள் 25,000 வண்டிகள் என்று பிளிப்கார்ட் 2021இல் அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் வீடு தேடிச் சரக்குக் கொடுக்கும் செலவைக் குறைத்துக்கொண்டே போகின்றன. நாமோ மங்கலம்பேட்டைக்கு நாலு சிப்பம் அரிசி அனுப்ப டீசல் விலையைப் பார்த்துத் தயங்குகிறோம்.

நமது கருத்து இதுதான்: காரில் தொடங்க வேண்டாம், சரக்கு வண்டியில் தொடங்குங்கள். சென்னைக்கு இங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல். சிறிய மின்சாரக் காரில் போனால் வழியில் சார்ஜ் ஏற்றக் காத்திருக்க நேரும். ஆனால் கடைச் சரக்கு வண்டியின் பாதை நமக்கு அத்துபடி. காலையில் புறப்பட்டு, மங்கலம்பேட்டை, கம்மாபுரம் என்று சுற்றி, இரவு கடை வாசலுக்கே திரும்பிவிடும். இரவெல்லாம் சும்மா நிற்கும் வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவது எளிது.

கணக்கைப் பாருங்கள். 2020இல் வந்த மஹிந்திரா ட்ரியோ ஸோர் மூன்று சக்கர வண்டி 550 கிலோ ஏற்றும். அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை பதினொன்று. பேட்டரி கொள்வது 7 யூனிட்டுக்குச் சற்று மேல். கம்பெனி 125 கி.மீ. ஓடும் என்கிறது, பாரம் ஏற்றிய வண்டிக்கு நாம் 80 என்றே வைப்போம். தினம் 40 கி.மீ. ஓட, சேதாரம் உட்பட நாலரை யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 45 ரூபாய். அதே தூரத்துக்கு டீசல் ஆட்டோ லிட்டருக்கு 25 கி.மீ. கொடுத்தால் 1.6 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று கொண்டால் 152 ரூபாய். நாளுக்கு 107 ரூபாய் மிச்சம். 300 நாளில் ரூ.32,000க்கு மேல்.

இந்த மிச்சத்தை அப்படியே லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். பேட்டரி ஒரு நாள் தேயும். தினம் 50 ரூபாயைத் தனி உண்டியலில் போட்டு வையுங்கள். மத்திய அரசின் மானியமும் 2019 முதல் பலமுறை மாறியும் குறைந்தும் வந்திருக்கிறது; அதை நம்பி விலை பேசாதீர்கள். மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. இவை நமக்குச் சாதகம்.

இனி மீட்டர் பெட்டிக்கு வருவோம். நம் ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. அதனாலோ என்னவோ, பல கடைகளில் பழைய பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுகிறோம். இனி அது ஆகாது. வண்டி சார்ஜ் ஆகும்போது 2 முதல் 3 கிலோவாட் வரை பல மணி நேரம் விடாமல் இழுக்கும். கடைக்கு வாங்கிய பளுவே 2 கிலோவாட் என்றால் என்ன ஆகும்? மின்வாரிய அலுவலகத்தில் முறையாகப் பளுவை உயர்த்துங்கள். தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், ட்ரிப்பர் நான்கும் கட்டாயம். சாக்கும் எண்ணெய் டின்னும் தீப்பெட்டிப் பண்டலும் அடுக்கிய குடோனுக்குள் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து சார்ஜ் போடாதீர்கள். நூறு ரூபாய் மிச்சத்துக்காகக் கடையையே பணயம் வைக்கலாமா?

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் பகலில்தான். இரவில் சார்ஜ் ஏற்றுகிறவருக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நாம் மறக்கவில்லை. இரண்டு வண்டி உள்ளவர்கள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழையதை உடனே தள்ளிவிடாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். இணைப்பு கட்டிட உரிமையாளர் பேரில். வாசலில் வண்டி நிறுத்தவும் இடமில்லை. தனி ஆளாக இதைத் தீர்க்க முடியாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் பேருந்து நிலையத்தின் அருகிலும் சரக்கு வண்டிகளுக்குப் பொது சார்ஜ் நிலையம் வேண்டும் என்று நகராட்சியிடமும் மின்வாரியத்திடமும் சங்கம் கேட்க வேண்டும். எத்தனை உறுப்பினர்கள், எத்தனை வண்டிகள், தினம் எத்தனை கி.மீ. என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் கேட்பதற்கு வலு இருக்கும்.

ஆகவே, இன்று இரவு கடை அடைக்கும்போது வண்டியின் கி.மீ. கணக்கை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் குறியுங்கள். அந்த நோட்டே சொல்லும், வாங்கலாமா வேண்டாமா என்று.