பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு நடக்கும். ஃபைபர் கேபிள் இழுக்க வந்த இளைஞர் தன் மொபைலை நீட்டுவார். திரையில் முள் எகிறி 100 எம்பிபிஎஸ்ஸைத் தொடும். வீட்டுக்காரர் முகம் மலரக் கையெழுத்துப் போடுவார். மும்பையானாலும் லக்னோவானாலும் காட்சி ஒன்றுதான். ஆனால் கேபிள் ஒழுங்காக இழுக்கப்பட்டிருக்கிறதா என்பது பற்றி அந்த 100 அநேகமாக எதுவும் சொல்வதில்லை.

பழைய செம்புக் கம்பி இணைப்பில் கோளாறு படிப்படியாகத் தலைகாட்டும்: லைனில் இரைச்சல், பிறகு வேகக் குறைவு. கண்ணாடி இழையின் குணம் வேறு. தேவையான அளவு ஒளி வந்து சேரும் வரை முழு வேகம். அதற்குக் கீழே போனால் கொஞ்ச நேரம் தடுமாற்றம், பிறகு பூஜ்யம். விளிம்பில் தொங்கும் இணைப்பும் முதல் நாளில் 100தான் காட்டும். முதல் பெருமழை வரை.

எனவே கேட்க வேண்டிய எண் வேறு: வீட்டுக்குள் வந்து சேரும் ஒளியின் அளவு. 'டிபிஎம்' என்ற அலகில், மைனஸ் எண்ணாக இருக்கும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் சாதாரண மோடம் மைனஸ் 27 வரை தாக்குப்பிடிக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 25ஐத் தாண்டினால் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகிவிடலாம். வித்தியாசம் அற்பமல்ல. மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும்; பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அளக்கும் பவர் மீட்டர் அவர் பையில் இருக்க வேண்டிய கருவி. இல்லையென்றால், பல மோடங்களின் நிர்வாகப் பக்கத்திலேயே 'ஆர்எக்ஸ் பவர்' என்ற வரியில் இதே எண் கிடைக்கும்.

எண் மோசமாக இருந்தால் வரும் வழக்கமான பதில், "தெருப் பெட்டியிலேயே கம்மிதான் சார்." இருக்கலாம். ஒரே ஒளியை 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் இதைச் சோதிப்பது சுலபம். பெட்டியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 100 மீட்டர் இழையில் ஏற்படும் இழப்பு 0.04 டெசிபல்கூட இல்லை. இரண்டு முனைகளின் கனெக்டர்களுக்கு மொத்தமாக ஒரு டெசிபல் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் காணாமல் போனால், தொலைந்த இடம் உங்கள் சுவரில்தான்.

பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையில். வளைந்த கண்ணாடி இழைகள் வழியே படத்தை அனுப்ப முடியும் என்று 1954இல் லண்டனில் காட்டிய இருவரில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. ஆனால் வளைப்பதற்கும் எல்லை உண்டு. வீட்டு உபயோகத்துக்கென்றே வந்த, வளைவைத் தாங்கும் இழைக்குக்கூட, வளைவு பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. கதவு நிலையில் மடித்து ஆணி கிளிப்பால் நசுக்கப்பட்ட கேபிள், ஜன்னல் கதவு தினமும் கடிக்கும் கேபிள் - இவை வேலையல்ல, ஒப்பேற்றல்.

கனெக்டரையும் கவனியுங்கள். ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். ஒரு துளி தூசியே திரை போட்டுவிடும். துடைக்காமல் செருகுபவர் அவசரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது, நீல முனை சாய்வில்லாதது. இரண்டையும் ஜோடி சேர்க்கக் கூடாது. (முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கலாம்.)

வெளியே பார்க்க வேண்டியது மழையை. சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நுழையும் முன் கேபிள் சற்றுத் தாழ்ந்து வளைந்தால், நீர் அங்கேயே சொட்டிவிடும். இரும்புக் கம்பி கோத்த கேபிளை மின் கம்பத்தில் கட்டுவது ஆபத்து.

இளைஞரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பல ஊர்களில் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். கூலி இணைப்புக் கணக்கில்தான். கனெக்டரைத் துடைக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

மீட்டர் காட்டும் எண்ணைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மைனஸ் 19, மைனஸ் 25 ஆகியிருந்தால், புகார் எண்ணில் பேசுபவர் "உங்கள் வைஃபைதான் சரியில்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது.