68 வருஷம் சும்மா நின்ன மில்!

காத்து பலமா அடிச்சா ஜன்னலைச் சாத்துவோம். வீட்டையே திருப்பி வைக்கணும்னா என்ன செய்வீங்க?

சிரிக்காதீங்க பாஸ்! இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் பக்கம் பிட்ஸ்டோன்னு ஒரு கிராமம். அங்கே வயலோரமா நிக்கிற காற்றாலையில் ஒரு காலத்தில் மில்காரரோட வேலையே இதுதான். கரன்ட் எடுக்கிற காற்றாலை இல்லீங்க, தானியம் அரைக்கிற மாவு மில். தடிமனா ஒரே ஒரு மரத்தூண். அரைக்கிற கல், பல்சக்கரம், இறக்கைன்னு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ஒரு மரவீடே அந்தத் தூண் மேல பேலன்ஸ் பண்ணி உட்கார்ந்திருக்கும். காத்து திசை மாறினா, பின்னாடி வால் மாதிரி நீளுற மரத்தைத் தள்ளிக்கிட்டே நடக்கணும். மொத்த மில்லும் மெதுவா திரும்பும். நம்ம ஊர் செக்கு மாதிரின்னு வெச்சுக்குங்க. மாட்டுக்குப் பதில் மில்காரர்! சோம்பேறித்தனமா விட்டுட்டா, பின்பக்கமா வர்ற காத்து இறக்கையைப் பதம் பார்த்துடும்.

உள்ளே ஒரு மரச்சட்டத்தில் 1627னு செதுக்கியிருக்கு. அப்போ நியூட்டன் பிறக்கவே இல்லை!

அவ்வளவு காலம் தாங்கின மில், 1902ல் அடிச்ச ஒரு பெரும் புயல்காத்தில் படுத்துடுச்சு. ரிப்பேர் செலவு கட்டுப்படி ஆகாத அளவுக்கு சேதம். நீராவியில் ஓடுற, இரும்பு உருளை வெச்ச பெரிய மில்கள் வந்துட்ட காலம் வேற. அப்படியே விட்டுட்டாங்க.

1937ல், பழைய கட்டடங்களைக் காப்பாத்துற 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு மில் அன்பளிப்பா போச்சு. அப்புறமென்ன, உடனே சுத்த ஆரம்பிச்சிருக்கும்னு நினைப்பீங்க. ம்ஹூம்! வேலை ஆரம்பிக்கவே இன்னும் 26 வருஷம் ஆச்சு. நடுவில் ஒரு உலகப் போர் வந்தது, அதையும் சொல்லணும்தான். ஆனா போர் முடிஞ்சே 18 வருஷம் ஓடிடுச்சே?

கடைசியில் 1963ல் இறங்கினது தன்னார்வலர்கள் கூட்டம் ஒண்ணு. சம்பளம் கிடையாது. இந்தக் கதையில் எனக்குப் பிடிச்ச வருஷம் 1627 இல்லை, இந்த 1963தான். மில்லுக்கு சொந்தக்காரங்க எப்பவும் இருந்தாங்க. மேலே ஏறிப் பார்க்க ஆள்தான் இல்லாம இருந்தது.

வெளியிலிருந்து போட்டோ எடுக்க அழகா இருந்தாப் போதும்னு ஒரு போர்டு மாட்டிட்டு அவங்க கிளம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கப் போறதில்லை. ஆனா இது வெறும் சுவர் இல்லையே, மெஷின்! சக்கரத்தில் ஒரு பல் சரியா சேரலைன்னாலும் கல் சுத்தாது. ஏழு வருஷம் மல்லுக்கட்டினாங்க.

1970ல், 68 வருஷத்துக்கு அப்புறம், பிட்ஸ்டோன் மில்லில் மறுபடி மாவு விழுந்தது. 1902ல் பத்து வயசுப் பையனா அந்தக் கல்லோட சத்தத்தைக் கேட்டவர் யாராவது ஊரில் மிச்சம் இருந்திருந்தா, அன்னைக்கு அவருக்கு 78 வயசு.