நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? தாய், தகப்பனோட டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்க!

வெள்ளை வெளேர்னு உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, நீளமான கால்கள். ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால், அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வரும் ஒரு குறையைப் பலரும் கேட்பதில்லை. அது, பிறவியிலேயே காது கேளாமை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் நாட்டு இன நாய்களைத் தேடி வாங்குபவர்கள் அதிகரித்துள்ள நிலையில், இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். வெள்ளை நிறம் அதிகமுள்ள டால்மேஷன் போன்ற இனங்களிலும் இதே பிரச்னை உண்டு.

சிக்கல் என்னன்னா, சில குட்டிகளுக்கு ஒரு காது மட்டும்தான் கேட்காது. கை தட்டினால் திரும்பும், கூப்பிட்டால் ஓடி வரும். வளர்ப்பவருக்கே தெரியாது. அதை இணை சேர்த்தால் குறை அடுத்த ஈத்துக்கும் போகலாம். இரண்டு காதும் கேட்காத குட்டி காவலுக்கு உதவாது என்று ரோட்டில் விடப்படும் அபாயமும் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க 'பேயர்' என்ற பரிசோதனை உள்ளது. ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளையின் பதிலைக் கருவியில் பதிவு செய்வார்கள். குட்டிக்கு 5 வாரம் ஆனாலே செய்யலாம்.

பலன் கிடைத்திருக்கிறதா?

பிரிட்டனில் 1992 முதல் 2015 வரை பிறந்த சுமார் 9 ஆயிரம் டால்மேஷன்களின் பேயர் முடிவுகளை ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ 18 சதவீத நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ கேளாமை இருந்தது. ஆனால், அந்தக் காலகட்டத்துக்குள் பாதிப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டெஸ்ட் செய்து, முடிவைப் பார்த்து ஜோடி சேர்த்ததன் பலன் இது.

ரிப்போர்ட்டை ஏன் வெளியில் சொல்லணும்?

இங்கதான் விஷயமே இருக்கு. உண்மையைச் சொல்லும் வளர்ப்பாளரின் குட்டி விலை போகாது. மறைப்பவரின் குட்டி விற்றுவிடும். அப்புறம் யார் சொல்வார்கள்?

அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய 'சிக்' என்ற பதிவு முறை இதற்கு ஒரு வழி கண்டது. அந்த இனத்துக்கான டெஸ்ட்களை எல்லாம் செய்து, முடிவைப் பொதுவில் வெளியிட்டால் நாய்க்கு ஒரு எண் கிடைக்கும். ரிசல்ட் நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது, மதிப்பு வெளிப்படைத்தன்மைக்குத்தான். ஸ்வீடன், பின்லாந்து கென்னல் கிளப்களும் இணையத்தில் திறந்த பதிவேடு வைத்துள்ளன.

இன்னொரு நன்மையும் உண்டு. லாப்ரடாரில் வரும் ஒரு பார்வை இழப்பு நோயை எடுத்துக்கொள்வோம். குறையுள்ள ஜீனை மறைவாகச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அதே நாயை, குறையில்லாத ஜோடியோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. ஆக, நல்ல நாயை ஒதுக்கவே வேண்டாம். ஜோடியின் ரிப்போர்ட் தெரிந்தால் போதும். எண்ணிக்கை குறைவாக உள்ள நாட்டு இனங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கண்ணில் பட்டதையெல்லாம் கழித்துக்கொண்டே போனால், மிச்சம் இருப்பது எல்லாம் நெருங்கிய சொந்தமாகிவிடும்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

இல்லை. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் புதுக்கோட்டைக்காரர்கள், தாய்ப்பசு எது, பொலிகாளை எது என்று கேட்காமல் கன்று வாங்க மாட்டார்கள். பக்கத்து தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையில் அரசின் உறைவிந்து நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் வெளிநாட்டு, கலப்பினப் பொலிகாளைகளுக்குப் பரம்பரை நோய் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் தர விதி. பசுவுக்குப் போடும் சினை ஊசிக்கு இருக்கும் இந்தக் கவனம், நாய்க்குட்டி வியாபாரத்தில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால், பரம்பரை நோய் டெஸ்ட் முடிவுகளுக்கு அமெரிக்கா, ஸ்வீடன் போல ஒரு பொதுப் பதிவேடு இங்கே இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களுக்கு 2020-ல் தேசிய அங்கீகாரம் கிடைத்தும் இந்த இடைவெளி தொடர்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

* வளர்ப்பாளரின் பதிவு எண் என்ன?
* தாயும் தகப்பனும் என்ன உறவு?
* இரண்டுக்கும் பேயர் டெஸ்ட் எடுத்தாச்சா? ரிப்போர்ட் எங்கே?
* முந்தைய ஈத்துகளில் காது கேட்காத குட்டி பிறந்ததா?

சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் காட்டுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், ரிப்போர்ட்டைக் காட்டுபவரின் குட்டிக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். அப்போது மறைப்பவர்களும் டெஸ்ட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.