கண்ணாடி நாரினுள் ஒரு கலப்பு

தலைமயிரளவு பருமனுள்ள கண்ணாடி நாரினூடே செய்தி அனுப்பலாம் என்பதை 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்து காவும் ஹொக்கமும் எடுத்துக்காட்டினர். இதனை நேயர்களிற் பலர் அறிவர். அந்நாரினுள்ளே ஒளி எவ்வாறு செல்கின்றது என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

நாரின் உள்ளகம் 50 மைக்கிரோமீற்றர் அகலமாயின், ஒளி பல விதமாகப் பரவிச் செல்லும். இவ்விதங்களைப் பாங்குகள் என்போம். பாங்கிற்குப் பாங்கு வேகம் வேறு. உள்ளகமெங்கும் ஒரே முறிவுச் சுட்டி அமைந்து, அதற்கும் மேலுறைக்கும் நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் இருப்பின், ஒரு கிலோமீற்றர் கடந்ததும் முந்திய ஒளிக்கும் பிந்திய ஒளிக்கும் செக்கனில் ஏறத்தாழ இரண்டு கோடியில் ஒரு பங்கு இடைவெளி விழும். அற்பமென்று எண்ணற்க. செக்கனுக்குப் பல கோடி துடிப்புக்களை அனுப்பும்போது ஒன்றன் வால் அடுத்ததன் தலையை மூடிவிடும். உள்ளகத்தை 9 மைக்கிரோமீற்றர் அளவிற்கு ஒடுக்கினால் ஒரு பாங்கே செல்லும், இத்தொல்லை இல்லை. ஆனால் பாதையும் ஒன்றே.

நார் சற்று வளைந்தாலும் நசுங்கினாலும் ஒரு பாங்கின் ஒளி மற்றொன்றினுட் புகும். குற்றமென்றே எவருக்கும் முதலிற் தோன்றும். 1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துப் பேர்சொனிக் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். மைதானத்தின் உள்வட்டத்தில் ஓடுபவனுக்குத் தூரம் குறைவு, வெளிவட்டத்தானுக்கு அதிகம். ஓடுவோர் யாவரும் எழுந்தமானமாக வட்டம் மாறிக்கொண்டேயிருப்பின், ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்வர். (விளையாட்டுப் போட்டியில் இதற்கு அனுமதியில்லை என்பது வேறு விஷயம்.) நாரிலும் அவ்வாறே. கலப்பு இல்லையேல், தூரம் நான்கு மடங்காக, துடிப்பின் பரம்பலும் நான்கு மடங்காகும். நன்கு கலந்தால் இரண்டு மடங்கே.

இதற்கு விலையும் உண்டு. ஒளியிற் சிறிது மேலுறையினூடே வெளியேறி வீணாகும். பாங்கிற்கொரு செய்தி அனுப்பினால், யாவும் கதம்பமாய் வந்து சேரும். பெறுமிடத்திற் கணினி உழைத்துப் பிரிக்கவேண்டும்.

அவ்வளவு எளிதிற் பிரிக்கவியலாத குழப்பமும் ஒன்றுண்டு. ஒளியின் செறிவு மிகுந்தால் கண்ணாடியின் முறிவுச் சுட்டியே மாறும். வலுவைக் கூட்டிச் செய்தியைப் பெருக்க முனைந்தால், ஒளி தன் பாதையையும் அயற் பாங்குகளின் பாதையையும் தானே குழப்பும். ஒற்றைப் பாங்கு நார் இன்று முட்டிநிற்கும் சுவரும் இதுவே. பாங்குகள் பலமாகக் கலந்தால் இக்குழப்பமும் சராசரியாகித் தணியும் என 2012இல் இத்தாலியின் மெக்கோசி, அன்ரனெல்லி, தெல் அவீவின் ஷ்ரைவ் ஆகியோர் கணித்துக் காட்டினர். அன்று குற்றமெனத் தோன்றியது இங்கே இரண்டாம் முறையும் துணைக்கு வருதல் எமக்கு வியப்பளிக்கின்றது.

நடைமுறையிலோ, ஏறத்தாழ ஒரே வேகமுள்ள பாங்குகளே எளிதிற் கலக்கின்றன. மற்றவை ஒதுங்கி நிற்கின்றன. ஒளியை இழக்காமல் அவற்றையும் கலக்கச் செய்வது எங்ஙனம் என்பதே ஆராய்வோர் முன்னுள்ள கேள்வி. கடலடி வடங்களில் இன்றும் ஒற்றைப் பாங்கு நார்களே கிடக்கின்றன. பன்பாங்கு நார் பெரும்பாலும் கட்டடங்களுக்குள்ளே, சில நூறு மீற்றர் தூரமே வேலைசெய்கின்றது.